உயிரணுவின் படியும் அறிஞர் சுப்பாராவும்

முன்னுரை

தமிழ் பயில்வோர் ஒருமுறையேனும் சென்று காண வேண்டிய ஊர்களுள் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர். திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, விராலிமலையைக் கடந்ததும் அமைந்துள்ள இவ்வூர், சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மதுரை வழியில் வைத்துப் பேசப்பெறும் பழமை உடையது. இருக்குவேளிரின் தலைநகராக விளங்கியது. பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயில் இங்குதான் உள்ளது. ஒரே வரிசையில் எழுந்த மூன்று கோயில்களுள் இரண்டே இன்று நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. எனினும் நிற்கும் இரண்டைக் கொண்டு, மறைந்த மூன்றாவது எவ்வாறு இருந்திருக்கும் என்பதை நம்மால் ஊகித்தறிய முடிகின்றது.

நம் துறை மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். கல்வெட்டை மைப்படி எடுக்கும் முறையை அவர்களுக்கு விளக்கினோம். கல்லைத் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்தால், எழுத்தின் பள்ளங்களில் தாள் அமர்ந்துவிடும். பின்னர் மையை ஒற்றினால் கல்லின் மேற்பரப்பு கருமையாகவும் எழுத்து வெண்மையாகவும் தோன்றும். கல்லும் தாளும் ஒன்றுக்கொன்று மாறானவை. ஆயினும் தாளைக் கண்டவர் கல்லில் இருப்பதை ஐயமின்றிப் படித்துவிடலாம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த உயிரியல் மாணவர் ஒருவர், நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் இவ்வாறுதான் தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கின்றது என்றும், அப்பணிக்கெனத் தனித்தனி நொதிகள் உண்டென்றும் கூறினார். அவரிடம் மேலும் கேட்டறிய நமக்கு ஆவல் மிகுந்தது. அதற்குக் காரணம் நம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு துன்பமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தங்கையின் மகனுக்கு ஆறு வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டது. நெடுநாள் மருத்துவம் நடந்தது. மருந்துகளுள் ஒன்று மெத்தோட்ரெக்சேட் என்னும் சிறிய மஞ்சள் மாத்திரை. அதனை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கொடுக்க வேண்டும். மறதியால் நாள்தோறும் கொடுத்துவிட்டால் உயிருக்கே கேடு என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஆகவே தங்கை நாட்காட்டியில் வட்டமிட்டுக் கொடுத்து வந்தாள். பிள்ளை வெளுத்து மெலிந்திருப்பதைக் கண்டு மனம் பொறாத நாம், இரத்தம் ஊறட்டுமே என்று ஒரு டானிக் வாங்கிச் சென்றோம். அதன் மேலட்டையைப் படித்த மருத்துவர், அதில் ஃபோலிக் அமிலம் இருப்பதைச் சுட்டி, அவ்வப்போது தம்மைக் கேளாமல் எதையும் கொடுக்கலாகாது எனக் கண்டித்தார். கருவுற்ற மகளிர்க்கெல்லாம் அரசே வழங்கும் சத்து, இப்பிள்ளைக்கு மட்டும் எவ்வாறு ஆகாததாயிற்று? அன்று நமக்கு அது விளங்கவில்லை.

விடையைத் தேடியபோது ஒரு மனிதரின் வாழ்க்கை எதிர்ப்பட்டது. அந்தச் சத்தைச் செயற்கையாக ஆக்கிய குழுவின் தலைவரும் அவரே. அந்தச் சத்துக்குப் பகையான மருந்து தோன்றிய ஆய்வகத்தின் தலைவரும் அவரே. சென்னையில் பயின்றவர், மூன்று முறை முயன்று பள்ளியிறுதித் தேர்வில் தேறியவர். அவர் எல்லப்பிரகட சுப்பாராவ் ஆவார். அவருடைய வரலாற்றையும், அவர் பணி சென்று தொட்ட உயிரணுப் படியெடுப்பையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சார்ந்த பீமவரத்தில் பிறந்தார். இன்று அவ்வூர் ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. தந்தையார் வருவாய்த் துறையில் பணியாற்றி, உடல்நலக் குறைவால் உரிய காலத்திற்கு முன்பே ஓய்வு பெற்றார். மக்கள் பலர், வருவாயோ சிறிது. வறுமை அவ்வீட்டில் நிலையாகத் தங்கியது.

சிறுவர் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. பதின்மூன்றாம் வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று எண்ணி வீட்டைவிட்டுப் புறப்பட்டார். வழியிலேயே பிடித்து மீட்டு வரப்பட்டார். தாயார் உறுதி மிக்கவர். தம் நகைகளை விற்றும் மகனைப் படிக்க வைத்தார். பள்ளியிறுதித் தேர்வில் அவர் இருமுறை தோற்றார். பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை தேறினார். உலகின் பல கோடி மக்களுக்கு உயிரளித்த மருந்துகளின் வரலாறு, தோற்ற பிள்ளையை மீண்டும் பள்ளிக்கு அனுப்பிய அத்தாயிடமிருந்துதான் தொடங்குகின்றது எனின் அது மிகையாகாது.

சென்னைக் கல்வி

மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்த சுப்பாராவ், துறவு பூண்டு இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். அதனினும் மருத்துவம் பயின்று மக்களுக்குத் தொண்டு செய்வதே மேல் என்று அறிவுறுத்தப்பட்டார். அவ்வாறே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும் கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்பவரும் பொருளுதவி செய்தனர். பின்னர் அவருடைய மகளார் சேஷகிரியையே சுப்பாராவ் மணந்தார்.

அது நாட்டு விடுதலை உணர்வு பொங்கி எழுந்த காலம். அயல்நாட்டுத் துணியைத் துறக்குமாறு காந்தியடிகள் விடுத்த அழைப்பை ஏற்ற சுப்பாராவ், அறுவைக் கூடத்திலும் கதராடையே அணிந்தார். வெள்ளையரான அறுவை மருத்துவப் பேராசிரியர் இதனை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்கு வழங்கப்படவில்லை; எல்.எம்.எஸ். என்னும் கீழ்நிலைச் சான்றே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியில் சேர முயன்றும் இடம் கிட்டவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராகச் சேர்ந்தார். நாட்டு மருத்துவத்தின் மூலிகைகளை நவீன ஆய்வு முறையால் ஆராய வேண்டும் என்ற வேட்கை அங்கே அவருள் வலுப்பெற்றது.

உடன்பிறந்தார் இழப்பு

இக்காலத்தில் அவர் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ எனப்படும் வெப்பமண்டலக் குடல்நோய்க்கு உடன்பிறந்தார் இருவர் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பலியாயினர். இந்நோயில் ஓயாத வயிற்றுப்போக்கு உண்டாகும். நாவும் வாயும் புண்ணாகும். உடல் வெளுத்து இரத்தம் குன்றும். உண்ணும் உணவு உடலில் ஒட்டாது. என்ன காரணத்தால் இது வருகின்றது என்பதோ, எதனால் தீரும் என்பதோ அன்று எவருக்கும் தெரியாது. மருத்துவம் பயின்றும் உடன்பிறந்தாரைக் காக்க இயலாமற் போன துயரம் அவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை.

கடல் கடந்த பயணம்

1920களின் தொடக்கத்தில் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் புறப்பட்டார். மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும் மாமனாரின் உதவியும் துணை நின்றன. இளம் மனைவியைத் தாயகத்தில் விட்டுச் சென்றார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதே எண்ணம். ஆனால் அவர் திரும்பவேயில்லை. அவர் சென்ற பின் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். தந்தை அம்மகனின் முகத்தைக் காணவில்லை. மனைவியையும் பின்னர்க் காணவில்லை. அறிவுலகம் அவரைப் போற்றும்போது, இக்கணக்கையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். அந்த அம்மையார் கொடுத்த விலையை எந்தப் பாராட்டிதழும் குறிப்பதில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சுப்பாராவ் சேர்ந்தார். கைப்பொருள் போதவில்லை. மருத்துவமனையில் இரவுப் பணியாளராகச் சேர்ந்து, நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவிப் பொருளீட்டினார். பகலில் ஆய்வு, இரவில் ஊழியம் என்று காலம் கழிந்தது.

நீலநிறச் சோதனையும் ஆற்றல் நாணயமும்

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பாருடன் சேர்ந்து சுப்பாராவ் ஆராய்ந்தார். இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரசை அளவிட 1925இல் இருவரும் ஒரு முறையை வெளியிட்டனர். கரைசலில் தோன்றும் நீலநிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவைக் கணிக்கும் அம்முறை, ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே வழங்குகின்றது. உயிர்வேதியியல் மாணவர்கள் அதனை இன்றும் பயில்கின்றனர். தாம் அன்றாடம் உச்சரிக்கும் அப்பெயர், சென்னையில் பயின்ற ஒருவருடையது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

அம்முறையைக் கருவியாகக் கொண்டு தசையை ஆராய்ந்த இருவரும் 1927இல் பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் ஏ.டி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் கண்டறிந்தனர். அதே 1929இல் செருமனியில் கார்ல் லோமன் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார். உடலில் ஆற்றல் கைமாறும் நாணயம் இதுவே. ஒரு மூலக்கூறில் மூன்று பாஸ்பேட்டுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன. அவற்றைத் துண்டிக்கும்போது வெளிப்படும் ஆற்றலே தசையைச் சுருக்குகின்றது, நரம்பை இயக்குகின்றது. 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

இத்துணைச் செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி கிட்டவில்லை. தம் பங்கை எடுத்துரைத்துப் புகழ் தேடும் இயல்பு அவரிடம் இல்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்து, அதன் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார்.

உயிரணு தன்னைப் படியெடுக்கும் முறை

சுப்பாராவின் பிற்காலப் பணியை உணர, உயிரணு படியெடுக்கும் முறையைச் சற்று விரிவாக அறிதல் வேண்டும். அவர் காலத்தில் இது அறியப்படாதிருந்தது. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டது 1953இல்தான்.

டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நெடிய ஏடு. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்பன அவ்வெழுத்துகள். இரண்டு இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கேறியுள்ளன. ஓரிழையில் அடினைன் இருக்குமிடத்தில் எதிரிழையில் தைமினே இருக்கும். குவானைனுக்கு எதிரே சைட்டோசினே நிற்கும். கல்லும் மைப்படியும் போல ஒன்று மற்றொன்றின் மறுபுறம். ஓரிழை அழிந்தாலும் மற்றோரிழையிலிருந்து அதனை மீட்டு எழுதிவிடலாம். மனித உயிரணு ஒன்றில் ஏறத்தாழ 600 கோடி எழுத்து இணைகள் உள்ளன. அவ்விழையை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் இவ்வளவையும் படியெடுத்தாக வேண்டும்.

இப்பணியை ஒரே நொதி செய்வதில்லை. நொதிகளின் குழுவே செய்கின்றது. முதலில் ஹெலிகேஸ் என்னும் நொதி இரண்டு இழைகளையும் பிரிக்கின்றது. முறுக்கிய கயிற்றை நடுவில் பிரித்தால் அப்பால் முறுக்கு இறுகுமன்றோ? அவ்விறுக்கத்தை டோபோஐசோமரேஸ் என்னும் நொதி, இழையை வெட்டித் தளர்த்தி மீண்டும் ஒட்டித் தீர்க்கின்றது. பிரிந்த இழையின்மேல் பிரைமேஸ் என்னும் நொதி ஒரு சிறு தொடக்கத்தை எழுதுகின்றது. அத்தொடக்கத்தைப் பற்றிக்கொண்டு பாலிமரேஸ் என்னும் நொதி எழுத்தெழுத்தாகப் புதிய இழையைக் கோக்கின்றது. இந்நொதியை முதன்முதலில் 1956இல் பிரித்தெடுத்தவர் ஆர்தர் கோர்ன்பெர்க். அதற்காக 1959இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இங்கே ஓர் அருமையைக் காண்க. கோக்கப்படும் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பாஸ்பேட்டுகளுடன் வருகின்றது. சேரும்போது இரண்டு பாஸ்பேட்டுகள் கழன்று போகின்றன. அந்த முறிவில் வெளிப்படும் ஆற்றலே எழுத்தை இழையில் பதிக்கின்றது. அதாவது, சுப்பாராவ் தசையில் கண்டறிந்த ஏ.டி.பி.யின் நெருங்கிய உறவினரே டி.என்.ஏ.யின் எழுத்துகளாக அமைகின்றன.

பாலிமரேஸ் ஒரே திசையில் மட்டுமே எழுதவல்லது. இரண்டு இழைகளோ எதிரெதிர்த் திசையில் ஓடுவன. ஆகவே ஓரிழையைத் தொடர்ச்சியாகவும், மற்றோரிழையைச் சிறுசிறு துண்டுகளாகவும் எழுதுகின்றது. தொடக்கமாக எழுதப்பட்ட பகுதிகள் நீக்கப்பட்டு, இடைவெளி நிரப்பப்பட்ட பின், லைகேஸ் என்னும் நொதி துண்டுகளை ஒட்டுகின்றது. இத்துண்டுகளைக் கண்டறிந்தவர்கள் ஜப்பானியரான ரெய்ஜி ஒகசாகியும் அவருடைய துணைவியார் சுனேகோவும் ஆவர். இரோசிமாவில் அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்த ரெய்ஜி, 1975இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். படியெடுப்பின் மறையை விளக்கியவர், படியெடுப்பு நெறிதவறியதால் வரும் நோய்க்கே இரையானார்.

ஏடு பெயர்த்தெழுதியோர் செய்த பிழைகளால் நம் இலக்கியங்களில் பாடவேறுபாடுகள் தோன்றியதை அறிவோம். உயிரணுவிலும் பிழை நேரும். பாலிமரேஸ் ஏறத்தாழ இலட்சம் எழுத்துக்கு ஒன்றைப் பிழைபட எடுக்கின்றது. ஆனால் அதுவே மெய்ப்பும் பார்க்கின்றது. பிழையெழுத்தைப் பின்வாங்கி வெட்டியெறிந்து மீண்டும் எழுதுகின்றது. அதன்பின் வேறு சில நொதிகள் முழு ஏட்டையும் சரிபார்க்கின்றன. முடிவில் எஞ்சுவது ஏறத்தாழ நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழையே. எந்த அச்சகமும் இத்துணைச் செம்மையை எட்டியதில்லை.

கீரைச் சத்தும் எழுத்தின் புள்ளியும்

இனி, எழுத்துகள் தீர்ந்துபோனால் என்னாகும் என்று பார்ப்போம். தைமின் என்னும் எழுத்தை உயிரணு யுராசில் என்னும் வேறோர் எழுத்திலிருந்து ஆக்குகின்றது. இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. யுராசிலின்மேல் மெத்தில் என்னும் ஒரு சிறு தொகுதியை ஏற்றினால் தைமின் ஆகிவிடும். உயிர்மெய்யின் தலையில் புள்ளி வைத்தால் மெய்யாவது போல என்று கொள்ளலாம். அந்தப் புள்ளியைச் சுமந்து வந்து வைப்பதே ஃபோலிக் அமிலத்தின் பணி. அடினைனையும் குவானைனையும் ஆக்குவதற்கும் அச்சத்து வேண்டும்.

பழைய ஓலைகளில் புள்ளியிடும் வழக்கம் பெரிதும் இல்லை. அதனால் படிப்போர் இடர்ப்படுவதை அறிவோம். ஃபோலிக் அமிலம் குறைந்தால் உயிரணுவும் புள்ளியில்லா எழுத்தையே, அதாவது யுராசிலையே, ஏட்டில் இட்டுவிடுகின்றது. சரிபார்க்கும் நொதிகள் அதனை வெட்டுகின்றன. மீண்டும் எழுதத் தைமின் இல்லாமையால் மறுபடியும் யுராசிலே ஏறுகின்றது. வெட்டி வெட்டி ஏடே கிழிகின்றது; படியெடுப்பு நின்றுபோகின்றது. விரைந்து பெருகும் உயிரணுக்களே இதனால் முதலில் வாடும். எலும்புச் சோறு நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்களை ஆக்குகின்றது. குடலின் உட்படலமோ சில நாட்களுக்கு ஒருமுறை முற்றிலும் புதுப்பிக்கப்படுகின்றது. இவ்விரண்டும் குன்றுவதே ஸ்ப்ரூ நோயில் நாம் கண்ட வெளுப்பும் வயிற்றுப்போக்கும்.

இச்சத்தின் வரலாற்றிலும் இந்தியாவுக்குப் பங்குண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி, 1928ஆம் ஆண்டு முதல் பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தச் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட்டிலிருந்து ஆக்கிய மார்மைட் என்னும் உணவுப் பொருளால் அது தீர்வதைக் கண்டார். அதிலுள்ள சத்து எதுவென்று அன்று தெரியவில்லை. 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலை வகைக் கீரையிலிருந்து அதனைச் செறிவாகப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். எனினும் மருந்தாக வழங்கும் அளவுக்கு அதனைப் பெற முடியவில்லை.

அதனை நிறைவேற்றியது சுப்பாராவ் தலைமை தாங்கிய லெடர்லே குழு. இயற்கைப் பொருளிலிருந்து தூய நிலையில் பிரித்தும், அதன் அமைப்பை ஆராய்ந்தும், 1945இல் அதனைச் செயற்கையாக ஆக்கினர். விரைவில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது வழங்கப்பட்டது. குன்றிய இரத்தம் மீண்டும் ஊறியது. தம் உடன்பிறந்தார் இருவரைக் கொண்டு சென்ற நோய்க்கு மருந்து, ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் அவருடைய ஆய்வகத்திலிருந்தே வந்தது. அவர்களை மீட்க அது உதவாது. ஆனால் பிறருடைய உடன்பிறந்தாரை மீட்டது.

சத்துக்குப் பகையான மருந்து

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளைக் கண்டு வருந்தியிருந்தார். அந்நோய் கண்ட குழந்தை சில மாதங்களில் இறப்பது உறுதி என்பதே அன்றைய நிலை. லெடர்லே அனுப்பிய ஃபோலிக் அமில வகைச் சேர்மங்களை அவர் கொடுத்துப் பார்த்தபோது, நோய் விரைந்து பெருகுவதாகத் தோன்றியது. அக்கணக்கே தலைகீழான எண்ணத்தைத் தூண்டியது. சத்து நோயை வளர்க்குமாயின், சத்தைத் தடுப்பது நோயைத் தடுக்குமன்றோ?

சுப்பாராவின் ஆய்வகம் ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோற்றம் கொண்ட போலிகளை ஆக்கித் தந்தது. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். ஃபோலிக் அமிலம் ஒவ்வொரு முறை புள்ளி வைத்த பின்னும் ஆற்றல் இழந்து நிற்கும். அதனை மீண்டும் செயல்நிலைக்குக் கொணர்வது டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதி. அமினோப்டெரின் அந்நொதியின் வாயில் உண்மைச் சத்தைப் போல் நுழைந்து, பூட்டில் சிக்கிய பொய்ச்சாவி போல் இறுகிவிடுகின்றது. தைமின் தீர்கின்றது, புற்றணுவின் படியெடுப்பு நின்றுபோகின்றது. நொதியைப் பற்றிய இவ்விளக்கம் பிற்காலத்தில் கிடைத்தது. மருந்து முன்னரே பிறந்துவிட்டது.

1947இன் இறுதியில் ஃபார்பர் அமினோப்டெரினைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948 சூனில் வெளியிட்ட கட்டுரையில், 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததாக அறிவித்தார். தணிவு நெடிது நிற்கவில்லை. ஆயினும் மருந்தால் அந்நோயை அசைக்க முடியும் என்பது முதன்முறையாக மெய்ப்பிக்கப்பட்டது. அதே ஆய்வகத்தில் தோன்றிய மெத்தோட்ரெக்சேட், கேடு குறைந்ததாக இருந்தமையால் அதன் இடத்தைப் பெற்றது. இன்று பல மருந்துகளைச் சேர்த்து நடத்தும் மருத்துவத்தால், வளர்ந்த நாடுகளில் இந்நோயின் மிகப் பரவலான வகை கண்ட குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 90 பேர் பிழைக்கின்றனர்.

நம் தங்கை மகனுக்கு டானிக் ஏன் மறுக்கப்பட்டது என்பது இப்போது விளங்குகின்றது. ஒரு கையால் புற்றணுவின் எழுத்தைப் பறித்துக்கொண்டு, மறுகையால் அதனை வாரி வழங்கவிருந்தோம். அறியாமையும் அன்பும் ஒருங்கே சேரும்போது நேரும் பிழை அது. மெத்தோட்ரெக்சேட் நல்லணுவையும் புற்றணுவையும் வேறு பிரித்தறியாது. விரைந்து படியெடுக்கும் அணு எதுவாயினும் தாக்கும். வாய்ப்புண்ணும் முடியுதிர்வும் அதனால் வருவனவே. அளவும் கிழமையும் தவறலாகாது என்று மருத்துவர் எச்சரித்ததும் அதனாலேயே.

பிற மருந்துகளும் மறைவும்

யானைக்கால் நோய்க்கு எதிரான டை எத்தில் கார்பமசின் 1947இல் லெடர்லேயிலிருந்து வெளிவந்தது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வீடுதோறும் வழங்கப்பட்ட மாத்திரை இதுவே. அவர் தலைமையின்கீழ் பணியாற்றிய பெஞ்சமின் டக்கர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டறிந்தார். டெட்ராசைக்ளின் இனத்தில் முதலாவதாகிய அது 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அதே 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 53ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் மறைந்தார். ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. தாயகம் விடுதலை பெற்று ஓராண்டு நிறையவிருந்தது. கால் நூற்றாண்டு வாழ்ந்த நாட்டின் குடியுரிமையையும் அவர் பெற்றிருக்கவில்லை. பூஞ்சை இனம் ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயர் சூட்டப்பட்டது. 1995இல், நூற்றாண்டு நிறைவில், இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. ஃபோலிக் அமிலம், மெத்தோட்ரெக்சேட், டை எத்தில் கார்பமசின் ஆகிய மூன்றும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. எனினும் அவர் பெயர் நம் பாடநூல்களில் அரிதாகவே காணப்படுகின்றது.

முடிவுரை

கொடும்பாளூரில் கல்லில் பெயர் பொறித்த பூதி விக்கிரமகேசரியை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அறிகின்றோம். சுப்பாராவ் கல்லில் பெயர் பொறிக்கவில்லை. ஆனால் கருவுற்ற தாய் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெறும் மாத்திரையிலும், பள்ளிப் பிள்ளைகள் வாரந்தோறும் விழுங்கும் இரும்புச்சத்து மாத்திரையிலும், புற்றுநோய்ப் பிரிவில் குழந்தையின் கையில் வைக்கப்படும் மஞ்சள் மாத்திரையிலும் அவர் உழைப்பு கரைந்து நிற்கின்றது.

மாணவச் செல்வங்களுக்கு இவ்வாழ்க்கையிலிருந்து கூற விரும்புவன இரண்டு. தேர்வில் தோற்றவர் அறிவில் தோற்றவர் அல்லர்; மூன்றாம் முயற்சியில் தேறிய ஒருவரைத்தான் இவ்வளவு நேரம் கண்டோம். மற்றொன்று, துறைகளுக்கிடையே நாம் எழுப்பியுள்ள சுவர்கள் பற்றியது. உயிரியல் மாணவர் கல்வெட்டைக் காண வந்ததால் தமிழாசிரியருக்கு உயிரணுவின் கதை தெரிந்தது. தமிழ் மாணவரும் ஆய்வகத்தின் கதவைத் தட்டுதல் வேண்டும். அங்கு நடப்பதைத் தாய்மொழியில் எழுதி வீட்டுக்குக் கொண்டுவருதல் வேண்டும். அவ்வாறு எழுதிய ஒரு பக்கம் நம் கையில் இருந்திருந்தால், அந்த டானிக் புட்டியை நாம் வாங்கியிருக்க மாட்டோம்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருவுறக் காத்திருக்கும் பெண்மக்கள் ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே உட்கொள்ளச் செய்யுங்கள். கருவின் தண்டுவடக் குறைபாட்டை அது பெரிதும் தடுக்கும் என்பது 1991இல் வெளியான ஆய்வால் உறுதிப்பட்டது. கீரையும் பயறும் அவ்வீட்டு அடுப்பில் தவறாது ஏறட்டும்; நெடுநேரம் வேகவைத்துச் சத்தை நீரோடு கொட்டிவிடாதிருக்கட்டும்.

நம் தங்கை மகன் இன்று மேல்நிலை வகுப்பில் பயில்கின்றான். நாட்காட்டியில் வட்டமிடும் வேலை தங்கைக்கு இல்லாமற் போய் ஆண்டுகள் பல ஆயின. அடுத்தமுறை மூவர் கோயிலுக்குச் செல்லும்போது அவனையும் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். அடித்தளம் மட்டுமே எஞ்சிய மூன்றாம் கோயிலின் முன் நின்று, காண முடியாததையும் கண்டறியும் வழி இதுதான் என்று அவனுக்குக் காட்டுவோம். அவனைக் காத்த மருந்தை ஆக்கியவரின் பெயரையும் அங்கேயே சொல்லிக் கொடுப்போம்.